சக்கர ரோபோவில் முதலில் எதை மாற்றுவது?

வீட்டிலேயே பூட்டிய சக்கர ரோபோ ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளில் அதன் மேல் நான்கு புகார்கள் சேர்ந்துவிடும். நேராகப் போகச் சொன்னால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. கம்பளத்தின் விளிம்பில் ஏற முடியாமல் முனகுகிறது. சுவரில் முட்டினால் கட்டுப்பாட்டுப் பலகை அணைந்து, நிரலை முதலிலிருந்து தொடங்குகிறது. புது பேட்டரி போட்டுச் சற்று நேரத்திலேயே வேகம் தளர்ந்துவிடுகிறது. இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்களின் கை நீளுவது புதிய கட்டுப்பாட்டுப் பலகையின் பக்கம்தான். ஆர்டுயினோ என்ற எளிய பலகையை எடுத்துவிட்டு ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை வைத்து, மேலே ஒரு கேமராவையும் மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

ஆனால் அந்த நான்கில் ஒன்றுகூட மூளையின், அதாவது கட்டுப்பாட்டுப் பலகையின், கோளாறு அல்ல. அணைந்து அணைந்து எழுவதும் வேகம் தளர்வதும் மின்சாரம் போதிய அளவு போய்ச் சேராததால் வருபவை. விளிம்பில் ஏறாதது பாதி மின்சாரத்தின் குறை, பாதி மோட்டாரின் குறை. ஒரு பக்கம் இழுப்பதோ, எந்தச் சக்கரம் எவ்வளவு சுழன்றது என்பதை ரோபோவில் யாரும் எண்ணாததால் வருவது. ஆகவே என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேட்டரி, மூளையின் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் பலகை, மோட்டார், சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் என்கோடர், அதன் பிறகே மூளை. ஒவ்வொன்றிலும் கிடைக்கும் தேர்வுகளை இந்த வரிசையிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எதையும் வாங்குவதற்கு முன் மல்டிமீட்டரைக் கொண்டு ஒரு சோதனை செய்துவிடுவது நல்லது. ரோபோவைத் தூக்கி வைத்து மோட்டார்களை முழு வேகத்தில் ஓடவிட்டு, பேட்டரியின் முனைகளில் எத்தனை வோல்ட், மோட்டாரின் முனைகளில் எத்தனை வோல்ட் என்று அளக்க வேண்டும். பிறகு சக்கரத்தை விரலால் லேசாக அழுத்திப் பிடித்து மறுபடியும் அளக்க வேண்டும். பேட்டரியின் அளவே சரிந்தால் பேட்டரியை மாற்ற வேண்டும். பேட்டரி அசையாமல் நிற்க, மோட்டாரில் மட்டும் இரண்டு வோல்ட் காணாமல் போனால் டிரைவரை மாற்ற வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் சக்கரம் சட்டென்று நின்றுவிட்டால் மோட்டார்தான் போதவில்லை. இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் வாங்கப்படும் பாகங்களில் பாதி அட்டைப்பெட்டியிலேயே தங்கிவிடுகின்றன.

பேட்டரி

சதுரமான 9 வோல்ட் பேட்டரியை முதலில் விலக்கிவிடலாம். எண்ணைப் பார்த்தால் வலுவானதாகத் தோன்றும். உள்ளே இருப்பவை ஆறு சிறிய மின்கலங்கள். அதன் உள்மின்தடை ஓர் ஓம் முதல் இரண்டு ஓம் வரை இருக்கும். இரண்டு மோட்டார்களும் சேர்ந்து ஓர் ஆம்பியர் கேட்டால் ஒன்றிரண்டு வோல்ட் பேட்டரிக்குள்ளேயே வெப்பமாகிப் போய்விடும். குறுகிய வாய்க் குடத்தைக் கவிழ்த்து அவசரமாகத் தண்ணீர் ஊற்ற முயல்வது போன்றது இது. புகை அறிவிப்பான் போன்ற, மிகக் குறைந்த மின்னோட்டம் கேட்கும் கருவிகளுக்காகச் செய்யப்பட்ட பேட்டரியை மோட்டாருக்குக் கொடுத்துவிட்டு அதைக் குறை சொல்வது நியாயமும் அல்ல.

நான்கு ஏஏ அளவு ஆல்கலைன் கலங்கள் அதைவிட நல்லவை. புதிதாக இருக்கும்போது 6 வோல்ட். ஆனால் பயன்படுத்தப் பயன்படுத்த வோல்டேஜ் ஒரே சீராகச் சரிந்துகொண்டே வரும். காலையில் சரியாகத் திரும்பிய ரோபோ மாலையில் பாதி கோணம்தான் திரும்பும். நேரத்தை வைத்துத் திருப்பத்தை அளக்கும் நிரல்களுக்கு இது பெரும் தொல்லை.

மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கலங்களை ஏனோ பலரும் பழைய காலத்துப் பொருள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு கலத்துக்கு 1.2 வோல்ட்தான், ஆனால் உள்மின்தடை ஆல்கலைனைவிடப் பல மடங்கு குறைவு, வோல்டேஜும் கடைசிவரை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 7.2 வோல்ட். தவறுகளையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். குழந்தைகள் தாங்களாகவே கழற்றிப் பூட்டும் ரோபோ என்றால் நான் இதைத்தான் சொல்வேன், வேறு எதையும் அல்ல.

பெரியவர்கள் செய்யும் ரோபோவுக்கு 18650 வகை லித்தியம் அயான் கலங்கள் இரண்டைத் தொடராக வைப்பது இன்றைய இயல்பான தேர்வு. பெயரளவில் 7.4 வோல்ட், முழுதாக ஏற்றியதும் 8.4, காலியாகும்போது 6 வோல்ட் அளவு. எடைக்குக் கிடைக்கும் ஆற்றல் நிக்கல் கலங்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. இதற்குப் பாதுகாப்புச் சுற்று கட்டாயம் வேண்டும். இரண்டு கலங்களையும் சமன் செய்து ஏற்றும் சார்ஜரும் வேண்டும். கலத்தின் மேல் அச்சிட்ட எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. இந்த அளவுக் கலத்தில் பெயர்பெற்ற தயாரிப்பாளர்கள் தருவது சுமார் 3,500 மில்லி ஆம்பியர் மணி. 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய் என்று கலத்தைத் தொடாமலேயே சொல்லிவிடலாம்.

பந்தயக் கார்களிலும் டிரோன்களிலும் உள்ள லித்தியம் பாலிமர் பேட்டரி ஒரே வீச்சில் மிகப் பெரிய மின்னோட்டம் தரும். சிறு ரோபோவுக்கு அவ்வளவு தேவைப்படுவதில்லை. மென்மையான உறை கிழிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து மட்டும் கூடவே வரும். ஒரு கிலோ எடையுள்ள ரோபோவுக்கு அதைப் போட எனக்குக் காரணம் தெரியவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. மோட்டார்களுக்கு ஒரு பேட்டரி, மூளைக்கு மட்டும் தனியாக ஒரு பவர் பேங்க். அழகில்லாத ஏற்பாடுதான், எடையும் கூடும். ஆனால் மோட்டார் எவ்வளவு இழுத்தாலும் மூளை அணையாது. இரண்டின் எதிர்முனைகளையும் சேர்த்துக் கட்ட மறந்தால் டிரைவருக்குப் போகும் சமிக்ஞை பொருளற்றதாகிவிடும். சில பவர் பேங்குகள் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் தாமாகவே அணைந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

டிரைவர்

பணத்துக்கு அதிகப் பலன் தரும் மாற்றம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள். சிவப்பு நிறப் பலகையும் கறுப்பு ஹீட் சிங்க்கும் கொண்ட எல்298என் என்ற டிரைவர் பல தொடக்கநிலைத் தொகுப்புகளில் வருகிறது. அதன் உள்ளே இருப்பவை பழைய வகை இருமுனை டிரான்சிஸ்டர்கள். மின்சாரம் அவற்றைக் கடந்து மோட்டாரை அடைவதற்குள் வோல்டேஜில் ஒரு பங்கை அவை எடுத்துக்கொள்கின்றன. ஓர் ஆம்பியர் ஓடும்போது இழப்பு 1.8 வோல்டிலிருந்து 3.2 வோல்ட் வரை என்று தயாரிப்பாளரின் குறிப்பேடே சொல்கிறது; இரண்டு ஆம்பியரில் அது 4.9 வோல்ட் வரை போகலாம்.

24 வோல்ட் மோட்டாருக்கு இரண்டு வோல்ட் இழப்பு ஒரு பொருட்டல்ல; 46 வோல்ட் வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்ட சில்லு அது. நம்மிடம் இருப்பதோ 6 வோல்ட். அதில் மூன்றில் ஒரு பங்கு ஹீட் சிங்க்கைச் சூடாக்கப் போகிறது. ரோபோ ஓடி முடித்ததும் அந்தக் கறுப்பு உலோகத்தைத் தொட்டால் சுடுகிறதே, பேட்டரியின் ஆற்றல் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

டிபி6612 என்ற தோஷிபா நிறுவனத்தின் சில்லில் இருப்பவை மாஸ்ஃபெட்டுகள் என்ற வேறு வகை டிரான்சிஸ்டர்கள். மின்சாரம் கடக்கும் பாதையின் மொத்த மின்தடை சுமார் அரை ஓம். அரை ஆம்பியர் ஓடினால் இழப்பு கால் வோல்ட். ஹீட் சிங்க்கே கிடையாது, பலகை தபால் தலை அளவுதான். எல்298என்-ஐக் கழற்றிவிட்டு இதை வைத்தால் அதே பேட்டரி, அதே மோட்டாருடன் ரோபோ கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேகமாக ஓடும். மோட்டாரை இணைக்கும் ஒரு வாய்க்குத் தொடர்ந்து 1.2 ஆம்பியர், மிகக் குறுகிய நேரத்துக்கு 3.2 ஆம்பியர் வரை தாங்கும். மோட்டாருக்கு 13.5 வோல்ட் வரை கொடுக்கலாம்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஆர்வி8833 இதன் நெருங்கிய போட்டியாளர். மின்தடை இன்னும் சற்றுக் குறைவு, தொடர் மின்னோட்டம் 1.5 ஆம்பியர், அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத் தானே தடுத்துக்கொள்ளும். ஆனால் 10.8 வோல்டைத் தாண்டக் கூடாது. இரண்டு லித்தியம் கலங்களுக்குப் பொருந்தும். மூன்றாவதைச் சேர்த்தால் பொருந்தாது. இரண்டில் எது என்று கேட்டால், பின்னாளில் 12 வோல்ட் பக்கம் போகும் எண்ணம் இருப்பவர்களுக்கு டிபி6612, மற்றவர்களுக்கு எது கைக்குக் கிடைக்கிறதோ அது. டிபி6612-இல் ஸ்டேண்ட்பை என்றொரு கால் (பின்) இருக்கிறது. அதை உயர்நிலையில் வைக்காவிட்டால் பலகை எதுவும் செய்யாமல் அமைதியாக உட்கார்ந்திருக்கும். 'பலகை பழுது' என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் எத்தனை நல்ல பலகைகள் இருக்குமோ.

எல்298என் பக்கம் நின்று பேசவும் கொஞ்சம் இருக்கிறது. முரட்டுப் பலகை, திருகு முனைகள் உண்டு, சால்டரிங் தெரியாதவரும் இணைத்துவிடலாம். சிறு மாஸ்ஃபெட் பலகைகளில் பின்களை நாமே பற்றவைக்க வேண்டும். நான்கு மோட்டார்களை இரண்டிரண்டாக ஒரே வாயில் இணைத்திருப்பவர்கள் டிபி6612-க்குத் தாவுவதற்கு முன் கணக்குப் போட வேண்டும். தொகுப்புகளில் வரும் மஞ்சள் நிற மோட்டார் 6 வோல்டில் சிக்கி நின்றால் ஓர் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டு சேர்ந்தால் 1.2 என்ற வரம்பு எங்கோ பின்னால் நிற்கும்.

முட்டினால் அணையும் ரோபோவுக்கும் விடை பெரும்பாலும் இதே பலகையில்தான் ஒளிந்திருக்கிறது. எல்298என் பலகையின் 5 வோல்ட் முனையிலிருந்து ஆர்டுயினோவுக்கு மின்சாரம் எடுப்பது வழக்கம். அந்த 5 வோல்டைத் தரும் ரெகுலேட்டர் தன் உள்ளீட்டில் சுமார் 7 வோல்ட் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். 6 வோல்ட் பேட்டரியை மாட்டினால் வெளியே வருவது நான்கு வோல்டுக்குப் பக்கம். மோட்டார் ஒரு தள்ளு தள்ளியதும் அதுவும் சரிகிறது. வோல்டேஜை இறக்கித் தரும் பக் கன்வெர்ட்டர் ஒன்றைத் தனியாக வைத்து மூளைக்கு 5 வோல்ட் கொடுப்பதும், மோட்டார் பாதையில் 470 மைக்ரோஃபாரட் அல்லது அதற்கு மேற்பட்ட கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுவதும், ஒவ்வொரு மோட்டாரின் முனைகளுக்குக் குறுக்கே 100 நானோஃபாரட் பீங்கான் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைப்பதும் அந்தத் தொல்லையைப் பெருமளவு தீர்த்துவிடும். ஒரு புதிய மூளைப் பலகையின் விலையில் இவை எல்லாவற்றையும் பல ரோபோக்களுக்கு வாங்கிவிடலாம்.

எச்சரிக்கை ஒன்று. இழப்பில்லாத டிரைவரையும் இரண்டு லித்தியம் கலங்களையும் ஒரே நாளில் மாட்டினால், 6 வோல்ட் மோட்டாருக்கு 8.4 வோல்ட் போய்ச் சேரும். அதுவரை எல்298என் வீணாக்கிய இரண்டு வோல்ட்தான் மோட்டாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. மின்சாரத்தை மிக வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்து மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு பிடபிள்யூஎம் என்று பெயர்; நிரலில் அதன் உச்சவரம்பை 70 சதவீதத்தில் நிறுத்திவிட்டால் போதும்.

மோட்டார்

மஞ்சள் மோட்டாரை ஏளனம் செய்வது எளிது. 48-க்கு ஒன்று என்ற கியர் விகிதம், பிளாஸ்டிக் பற்கள், 6 வோல்டில் நிமிடத்துக்கு 200 சுற்றுகளை ஒட்டிய வேகம். உடன் வரும் 65 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு சுமார் 204 மி.மீ.; ஆக வெறுமனே ஓடும்போது நொடிக்கு 68 செ.மீ. வழவழப்பான தரையில் ஓடும் அரைக் கிலோ ரோபோவுக்கு இது போதும். அப்படிப்பட்ட ரோபோ மட்டுமே இலக்கு என்றால் மோட்டாரை மாற்ற வேண்டாம். மேலே சொன்ன இரண்டு மாற்றங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எடை கூடும்போதுதான் கணக்கு மாறுகிறது. 1.2 கிலோ ரோபோ 10 டிகிரிச் சரிவில் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கீழ்நோக்கி இழுக்கும் விசை சுமார் 2 நியூட்டன். சக்கரத்தின் ஆரம் 3.25 செ.மீ. என்பதால் மொத்த முறுக்குவிசை 0.066 நியூட்டன் மீட்டர். இதை இரண்டு மோட்டார்களும் பகிர்ந்துகொண்டால், விற்பவர்கள் குறிப்பிடும் அலகில் ஒரு மோட்டாருக்கு ஏறக்குறைய 0.34 கிலோ செ.மீ. மோட்டார் சிக்கி நிற்கும்போது தரும் உச்ச முறுக்குவிசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடர்ந்து கேட்கக் கூடாது என்பது பொதுவான நடைமுறை. அப்படியானால் உச்சம் ஒரு கிலோ செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். மஞ்சள் மோட்டாருக்கு விற்பவர்களே குறிப்பிடுவது 0.8 அளவு. கம்பள விளிம்பில் அது முனகுவதன் காரணம் இதுதான்.

மாற்று என்று வரும்போது இரண்டு வகைகள்தான் உண்மையில் போட்டியிடுகின்றன. என்20 என்பது விரல் நுனி அளவுள்ள, உலோகக் கியர் கொண்ட சிறு மோட்டார், 3 மி.மீ. அச்சு, கியர் விகிதங்கள் பல கிடைக்கும். கோட்டைப் பின்தொடரும் பந்தய ரோபோவுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் கியர்ப் பற்கள் மிக நுண்ணியவை. கனமான ரோபோ சுவரில் மோதி நிற்கும்போது முதலில் தேய்வது அவைதான். இன்னொன்று 25 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. அச்சும் உடைய உருளை மோட்டார். பெரும்பாலும் 12 வோல்ட், பின்புறத்தில் காந்த என்கோடருடன் வரும். கனமானது, விலையும் கூடுதல், சிக்கி நின்றால் டிபி6612-இன் வரம்பை மீறும் மின்னோட்டம் கேட்கும். இதை எடுத்தால் டிரைவரும் பெரிதாக வேண்டும். ஒவ்வொரு மோட்டாருக்கும் 3.6 ஆம்பியர் வரை தரும் டிஆர்வி8871 ஒன்று வைப்பது சீரான தீர்வு. ஒன்றரைக் கிலோவைத் தாண்டும் ரோபோவுக்கு நான் தயங்காமல் சொல்வது இந்த உருளை மோட்டாரைத்தான்.

படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. 28பிஒய்ஜே-48 என்ற சிறிய ஸ்டெப்பர் ஒரு சுற்றுக்கு சுமார் 2,048 படிகள் வைக்கும், என்கோடரே வேண்டாம். ஆனால் நிமிடத்துக்கு 15 சுற்று என்பதே அதன் வசதியான வேகம், 65 மி.மீ. சக்கரத்தில் அது நொடிக்கு 5 செ.மீ. தரையில் படம் வரையும் ரோபோவுக்கு அருமை, மற்ற எதற்கும் பொறுமை வேண்டும். பெரிய நீமா 17 வகை வேகமானது. ஆனால் நின்றுகொண்டிருக்கும்போதும் மின்சாரம் குடிக்கும். பேட்டரியில் ஓடும் வண்டிக்கு அது நல்ல குணம் அல்ல. முழுச் சுற்று சுற்றும் சர்வோ மோட்டார்களில் டிரைவர் உள்ளேயே இருப்பதால் இணைப்பு மிக எளிது; வேகக் கட்டுப்பாடு மட்டும் அவ்வளவு நுட்பமாக இருக்காது.

என்கோடர்

ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு மோட்டார்கள்கூட ஒரே வேகத்தில் சுழலுவதில்லை. பலரும் செய்வது, வேகமான பக்கத்தின் பிடபிள்யூஎம் எண்ணைக் கொஞ்சம் குறைத்து நேராக்குவது. அந்தத் திருத்தம் அந்தத் தரையில், அந்த பேட்டரி அளவில் மட்டுமே சரி. சார்ஜ் குறைந்ததும் ரோபோ மறுபடியும் ஒரு பக்கம் சாயும். சக்கரத்தை எண்ணுவதைத் தவிர நிலையான வழி கிடையாது.

மஞ்சள் மோட்டாருக்கான மலிவான ஏற்பாடு 20 துளைகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டும் ஒளி சென்சாரும். ஒரு துளை சென்சாரைக் கடந்தால் ஒரு துடிப்பு; 204 மி.மீ.யை 20-ஆல் வகுத்தால் ஒரு துடிப்புக்கு 10 மி.மீ. ஒரு மீட்டர் போய் நிற்பதற்கு இது பரவாயில்லை. மெதுவாக ஊர்ந்து போகும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தப் போதாது, ஏனெனில் அடுத்த துடிப்பு வருவதற்குள் ரோபோ ஒரு செ.மீ. நகர்ந்துவிடும். திசையும் தெரியாது. முன்னே போகிறதா பின்னே போகிறதா என்பதை நிரல் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மோட்டாரின் பின்பக்கத்தில் காந்தத் தட்டு வைத்த என்கோடரின் கணக்கே வேறு. மோட்டார் அச்சின் ஒரு சுற்றுக்கு 11 துடிப்புகள், இரண்டு தடங்களின் ஏற்ற இறக்கங்களையும் எண்ணினால் 44, கியர் விகிதம் 34 என்றால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 1,496. அதே 65 மி.மீ. சக்கரத்தில் ஓர் எண்ணிக்கை என்பது 0.14 மி.மீ. திசையும் சேர்ந்தே கிடைக்கும். இதன் மேல், கேட்ட வேகத்துக்கும் கிடைத்த வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்துத் தொடர்ந்து திருத்தும் ஒரு எளிய பிஐடி கட்டுப்பாட்டை எழுதினால் ரோபோ கோடு போட்டதுபோல் நேராகப் போகும். பேட்டரி பாதி தீர்ந்தாலும் அதே வேகத்தில் போகும். இரண்டு ரோபோக்களை அருகருகே ஓடவிட்டு, ஒன்றில் விலையுயர்ந்த மூளையும் மற்றதில் என்கோடரும் இருந்தால், பார்ப்பவர்கள் புத்திசாலி என்று சொல்வது இரண்டாவதைத்தான்.

மூளை

1948–49 ஆண்டுகளில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் செய்த 'ஆமைகள்' மூன்று சக்கரங்களில் ஓடின. அவற்றின் மூளை இரண்டு வெற்றிடக் குழாய்கள். புலன்கள் ஓர் ஒளி சென்சாரும் ஒரு தொடு சென்சாரும். அவ்வளவை வைத்துக்கொண்டு வெளிச்சத்தைத் தேடிப் போயின, தடையைச் சுற்றிக்கொண்டு போயின. 2002-இல் வெளிவந்த, தரையைச் சுத்தம் செய்யும் ரூம்பா ரோபோவின் முதல் தலைமுறை அறையின் வரைபடம் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. முட்டி, திரும்பி, சுவரை ஒட்டி, சுழன்று தன் வேலையை முடித்தது. மூளைதான் குறை என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் நினைத்துப் பார்க்கலாம்.

இருந்தாலும் மூளையை மாற்ற வேண்டிய நாள் வரத்தான் செய்யும். அது வருவது என்கோடர் மாட்டிய பிறகு. ஆர்டுயினோ ஊனோவின் பரவலான ஆர்3 வகையில் உள்ள சில்லு 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. 2 கிலோபைட் நினைவகம். துடிப்பு வந்ததும் செயலியை உடனே கவனிக்க வைக்கும் வெளிக் குறுக்கீடுகளுக்கென்று ஒதுக்கிய கால்கள் இரண்டே. மேலே சொன்ன மோட்டார் நொடிக்கு மூன்றரைச் சுற்று சுற்றினால் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து நொடிக்குப் பத்தாயிரம் எண்ணிக்கைகளுக்கு மேல் வரும். ஊனோவால் அதன் ஒரு பகுதியை மட்டும் எண்ணிச் சமாளிக்க முடியும். ஆனால் மற்ற வேலைகளுக்கு மூச்சு முட்டும். ராஸ்பெரி பை பைக்கோ, இஎஸ்பி32 என்ற இரண்டு சிறு கட்டுப்பாட்டுப் பலகைகளும் இங்கேதான் தங்கள் தகுதியைக் காட்டுகின்றன. பைக்கோவின் பிஐஓ அமைப்பும் இஎஸ்பி32-இன் துடிப்பு எண்ணிகளும் இந்த எண்ணிக்கையை மையச் செயலியைத் தொந்தரவு செய்யாமலே பார்த்துக்கொள்ளும்.

இரண்டில் நான் எடுப்பது இஎஸ்பி32. அதன் 240 மெகாஹெர்ட்ஸ் இரட்டைச் செயலி எனக்குப் பெரிதல்ல; வைஃபை இருக்கிறதே, அதுதான் காரணம். பிஐடியின் எண்களைச் சீர்செய்யும்போது ஒவ்வொரு முறையும் ரோபோவைப் பிடித்து, கம்பி செருகி, நிரலை ஏற்றி, மறுபடி தரையில் விடுவது எவ்வளவு அலுப்பான வேலை என்பது செய்தவர்களுக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியிலிருந்து எண்ணை மாற்றி, விளைவை வரைபடமாகப் பார்க்க முடிவது பெரிய விடுதலை. வைஃபை இயங்கும்போது வோல்டேஜை எண்ணாக மாற்றும் அதன் இரண்டாம் அனலாக் மாற்றியின் கால்களைப் பயன்படுத்த முடியாது. பேட்டரி வோல்டேஜை அளக்கும் காலைத் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கவனிக்க வேண்டும். ஊனோ 5 வோல்ட், இவை இரண்டும் 3.3 வோல்ட் என்பதையும் மறக்கக் கூடாது. பழைய அல்ட்ராசோனிக் சென்சாரின் எதிரொலிக் கால் 5 வோல்ட் அனுப்பும். நடுவில் இரண்டு மின்தடைகளைக் கொண்டு அதைக் குறைத்தாக வேண்டும்.

ராஸ்பெரி பை 4 அல்லது 5 வேறு வகுப்பைச் சேர்ந்தது. கேமராவில் பொருளை அடையாளம் காண வேண்டும், ஆர்ஓஎஸ் 2 என்ற ரோபோ மென்பொருள் தொகுப்பைக் கற்க வேண்டும், லேசரைச் சுழற்றிச் சுற்றிலும் தூரம் அளக்கும் லைடார் கொண்டு அறையின் வரைபடம் போட வேண்டும் என்றால் அதற்கு மாற்று குறைவு. ஆனால் லினக்ஸ் என்பது நுண்நொடிக் கணக்கில் துடிப்பு எண்ணுவதற்கான அமைப்பு அல்ல. பை 4-க்கு 5 வோல்டில் 3 ஆம்பியர், பை 5-க்கு 5 ஆம்பியர் வரை கொடுக்கும் திறனுள்ள மின்மூலம் பரிந்துரைக்கப்படுகிறது. சட்டென்று மின்சாரம் போனால் நினைவக அட்டையில் உள்ள கோப்புகள் கெடலாம். ஆகவே அது இஎஸ்பி32-இன் இடத்தில் உட்காரக் கூடாது. அதன் மேலே உட்கார வேண்டும். சக்கரத்தை எண்ணுவதும் வேகத்தைப் பிடிப்பதும் சின்னப் பலகையின் பொறுப்பு, 'எங்கே போக வேண்டும்' என்பது மட்டும் பையின் பொறுப்பு. இந்த ஏற்பாட்டில் பை தடுமாறினாலும் ரோபோ நின்றுவிடும்படி எழுதிக்கொள்ளலாம். பை மட்டுமே இருந்தால் அது உறைந்த கணத்தில் சக்கரங்கள் கடைசியாகக் கேட்ட கட்டளையோடு ஓடிக்கொண்டிருக்கும்.

சக்கர அமைப்பும் சென்சார்களும்

இரண்டு சக்கரமும் ஒரு உருள்பந்தும், அல்லது நான்கு சக்கரமும், அல்லது மெக்கானம் சக்கரங்களும். நான்கு சக்கர வண்டி திரும்பும்போது சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபட்டுத்தான் தீர வேண்டும். மின்சாரமும் வீண், என்கோடர் சொல்லும் கோணமும் பொய். மேடு பள்ளமான வெளித் தரைக்கு அது சரி, வீட்டுக்குள் தேவையில்லை. 1970-களில் ஸ்வீடனின் பெங்ட் இலோன் உருவாக்கிய மெக்கானம் சக்கரத்தில் 45 டிகிரியில் சாய்ந்த உருளைகள் இருப்பதால் வண்டி நண்டுபோலப் பக்கவாட்டிலும் போகும். பார்க்க அழகு, நான்கு மோட்டார், நான்கு என்கோடர், நான்கு டிரைவர் வாய் என்று எல்லாம் இரட்டிப்பாகும். அளந்து ஓடும் ரோபோ வேண்டுமென்றால் இரண்டு சக்கரமே. சக்கரங்களுக்கிடையேயான தூரத்தை மட்டும் கவனமாக அளக்க வேண்டும். அதில் ஒரு சதவீதப் பிழை இருந்தால் ஒரு முழுச் சுற்றில் 3.6 டிகிரி தவறும்.

சென்சார்களில் எச்.சி-எஸ்ஆர்04 என்ற அல்ட்ராசோனிக் இணை 2 செ.மீ. முதல் 4 மீட்டர் வரை பார்க்கும் என்று எழுதியிருக்கும். திரைச்சீலையும் சோபாவும் ஒலியை விழுங்கிவிடும், சாய்வான சுவர் அதை வேறு பக்கம் அனுப்பிவிடும். லேசரால் தூரத்தை அளக்கும் விஎல்53எல்0எக்ஸ் 2 மீட்டர் வரை துல்லியமாகப் பார்க்கும்; கண்ணாடிக் கதவைப் பார்க்காது, வெயிலில் தடுமாறும். ஒன்றின் குருட்டுப்புள்ளியை மற்றது மூடுவதால் முன்பக்கத்தில் இரண்டையும் வைப்பது நல்லது. இரண்டும் தவறும் இடத்துக்கு, பொம்மைக் கடையிலும் கிடைக்கும் ஒரு முட்டு சுவிட்ச். திரும்பும் கோணத்துக்கு எம்பியு6050 போன்ற கைரோ உதவும். ஓரிரு திருப்பங்களுக்கு நம்பலாம், நேரம் ஆக ஆக அதன் கணிப்பு தானாகவே நகர்ந்துகொண்டிருக்கும்.

பழையதையே மாற்றுவதா, புதிதாகச் செய்வதா

பேட்டரி, டிரைவர் ஆகிய இரண்டு மட்டும் என்றால் பழைய ரோபோவிலேயே செய்துவிடலாம். ஒரு மாலைப் பொழுது போதும். கோட்டைப் பின்தொடரும் ரோபோ வைத்திருப்பவர்கள் அதோடு என்20 மோட்டாரையும் சேர்த்துக்கொண்டு நிறுத்திக்கொள்ளலாம். அவர்களுக்கு ஊனோவே போதும். அறைக்குள் சுற்றி, திரும்பி வரத் தெரிந்த ரோபோ வேண்டுமென்பவர்களுக்கு என்கோடர் மோட்டாரும் இஎஸ்பி32-உம் தேவைப்படும். வரைபடம் போட விரும்புபவர்கள் அந்த இரண்டும் ஒழுங்காக ஓடி முடித்த பிறகே பையும் லைடாரும் வாங்கட்டும். லைடார் மேலே சுழல, கீழே சக்கரம் எவ்வளவு ஓடியது என்று தெரியாத ரோபோ போடும் வரைபடத்தில் சுவர்கள் இரண்டிரண்டாகத் தெரியும்.

மோட்டாரை மாற்றும்போது அச்சு மாறும், தாங்கி மாறும், சக்கரம் மாறும், எடையின் மையம் மாறும். அந்த மெல்லிய அக்ரிலிக் தகட்டில் புதிய துளை போடும்போது அது விரிசல் விட்டுவிடும் வாய்ப்பே அதிகம். அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் பழையதைக் கழற்ற வேண்டாம். புதிய தட்டு ஒன்றில், பிளைவுட்டோ அலுமினியமோ, இரண்டாவது ரோபோவைத் தொடங்குவதே மேல். முதலாவது ஓடும் நிலையில் இருந்தால், புதியதில் ஏதாவது வேலை செய்யாதபோது கோளாறு பாகத்திலா நிரலிலா என்று ஒன்றை மற்றதில் மாட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். கழற்றிய எல்298என் பலகையையும் எறிய வேண்டியதில்லை. 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் சிறு பம்புக்கோ ஸ்டெப்பருக்கோ அது இன்னும் நன்றாகவே உழைக்கும்.